முதலெழுத்து சேர்

மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை, ரியூஷன் கொட்டில் உள்ள ஊரிலெல்லாம் ஒரு முதலெழுத்து சேர் இருப்பார். மற்றவர்கள் ஆங்கிலச் சொற்களைப் பொருளுக்காகப் படிப்பார்கள். இவர் தலையெழுத்துக்காகப் படித்தவர். முதலிரண்டு எழுத்தும் ஒன்றென்றால் சொற்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது கொள்கை.

வெள்ளைச் சாரன், சட்டைப் பையில் இரண்டு பேனை, கக்கத்தில் அட்டை கழன்ற அகராதி. ஆங்கிலத்தில் எஸ்ஸில் தொடங்கும் சொற்களே அதிகம் என்பதால் அந்தப் பகுதி நைந்து, நூலால் கட்டப்பட்டிருக்கும். எக்ஸ் பகுதி இன்னும் புத்தம் புதிது.

அஸருக்குப் பிறகு வகுப்பு. முதல் பாடம் எஸ்-என். ஸ்னோர் குறட்டை, ஸ்னீஸ் தும்மல், ஸ்னிஃப் முகர்தல். ஸ்னவுட் ஒரு மிருகத்தின் மூஞ்சி. எந்த மிருகம் என்று வகுப்பில் சொல்லப்படுவதில்லை. எல்லாம் மூக்குச் சொந்தம். ஜீ-எல் வந்தால் வெளிச்சம்: க்ளோ, க்ளீம், க்ளிட்டர்.

இதைச் சேரின் சொந்தச் சரக்கென்று சிரிப்பதற்கில்லை. இப்படி ஒலியும் பொருளும் ஒட்டிவரும் எழுத்துக் கூட்டத்துக்கு 1930இல் ஜே.ஆர். ஃபர்த் என்ற ஆங்கில மொழியியலாளர் பெயரே சூட்டியிருக்கிறார். தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் எழுதியவர் அவர். தமிழில் மூக்கும் மூச்சும் மோப்பமும் ஒரே வாசலில் நிற்பதைச் சேர் தாமாகவே கண்டுபிடித்து, அதையும் ஆங்கிலத்தின் கணக்கில் எழுதிவிடுவார்.

கே-என் பாடத்தில்தான் வகுப்புக்கு உயிர் வரும். நைஃப், நொட், நைட்: ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கே குந்தியிருக்கும், வாய் திறக்காது.

“சேர், வாசிக்காத எழுத்த என்னத்துக்கு எழுதுற?”

“வாப்பாட காணி மாதிரித்தான் மனே. நாம வெள்ளாம செய்யாட்டியும் உறுதியில பேர் கிடக்கும்.”

உண்மையும் ஏறத்தாழ அதுவே. பழைய ஆங்கிலத்தில் அந்தக் கே ஒலித்தது. ஜெர்மன்காரர் முழங்காலைச் சொல்லும்போது இன்றும் ஒலிக்கிறது. 17ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலேயரின் நாக்கு அதைக் கைவிட்டது. அதற்குள் அச்சுக்காரர்கள் பதிந்துவிட்டிருந்தார்கள்.

இத்தனை சொல்லும் சேர்ந்து ஒரு வசனமாவதில்லை என்பதே குறை. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டார் யாரும் வழி கேட்டால், ‘ஸ்ட்ரீட், ஸ்ட்ரெய்ட், ஸ்டொப்’ என்று எஸ்-டீயில் மூன்று சொல்லோடு அனுப்பிவிடுவார். ஆள் சரியான இடத்தில்தான் போய் நிற்பார்.

கொள்கைக்கு அடங்காத சொல்லையும் சேர் சும்மா விடமாட்டார். ஸ்னோ? பனி பட்டால் மூக்கு ஒழுகும். ஸ்னேக்? பாம்பு நாக்கை நீட்டி மோப்பம் பிடிக்கிறது, விலங்கியலும் ஒப்புக்கொள்ளும். ஸ்னேய்ல் எனும் நத்தை மட்டும் பல வருடமாக நகராமல் கிடக்கிறது. அதைக் கேட்கிற பிள்ளையை மஃரிப் வரை பொறுக்கச் சொல்வார். வாங்கு சொன்னதும் வகுப்பு கலைந்துவிடும்.