ஏசிபி பிரத்யுமன் இறந்தபோது

1998 ஜனவரியில் சோனி தொலைக்காட்சியில் 'சிஐடி' என்ற இந்தித் துப்பறியும் தொடர் தொடங்கியபோது, மும்பை மாட்டுங்காவில் நம்மூர்ப் பையன்கள் சேர்ந்து தங்கியிருந்த மாடி அறையில் எனக்கும் விரிக்க ஒரு பாய் இருந்தது. டிவி கீழே வீட்டுக்கார மாமியின் கூடத்தில். வாரம் ஒருமுறை, சாப்பாடு முடிந்த கையோடு இறங்கி வாசற்படியிலும் சன்னலோரத்திலும் நெருக்கியடித்து உட்காருவோம். இந்தி பாதிதான் புரியும். பிணமும் ரத்தக்கறையும் மீதியைச் சொல்லிவிடும். விளம்பரம் வந்ததும் கொலையாளி யாரென்று ஆளுக்கொரு பெயர் சொல்வோம், மாமி அடுக்களையிலிருந்தே மறுத்துச் சொல்வார், பெரும்பாலும் மாமி சொன்னவனே கடைசியில் பிடிபடுவான். ஒரு வாரம் தவறவிட்டால் தவறியதுதான். மறுநாள் லோக்கல் ரயிலில் யாராவது கதை சொன்னால் உண்டு. அப்படிக் கேட்ட கதைகள் சில, நானே பார்த்த கதைகளைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கூடமும் ஒரு மாமியும் இருந்திருப்பார்கள்.

விரல்களை விரித்துச் சுழற்றியபடி யோசிக்கும் ஏசிபி பிரத்யுமன், கதவென்று ஒன்று இருந்தால் உடைத்தே தீரும் தயா, அபிஜீத், ஆய்வகத்தில் பிரத்யுமனோடு ஓயாமல் வாதாடும் டாக்டர் சாலுங்கே: இவர்களுக்கு எதுவும் ஆகாது என்பது எங்களுக்குத் தெரியும். ஊர் முழுக்கக் கொலை நடந்தாலும் அந்த அலுவலகத்துக்குள் சாவு வராது என்ற தைரியத்தில்தான், மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் நிம்மதியாக மாடியேறித் தூங்கினோம். பிரத்யுமனாக நடித்த சிவாஜி சாட்டம் வங்கி வேலையிலிருந்து நடிக்க வந்தவர் என்பதாலோ என்னவோ, அவர் அதட்டலில் எங்கள் மேலாளரின் சாயலும் எங்கள் அப்பாக்களின் சாயலும் கலந்திருந்தன. 2004இல் 111 நிமிடக் கதையை வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டத்தில் படமாக்கிக் காட்டினார்களே, அன்று அந்தக் கூடத்தில் இருமக்கூட யாருக்கும் மனம் வரவில்லை.

2018 அக்டோபரில் தொடர் நின்றது. 2023 டிசம்பரில், ஃபிரெட்ரிக்ஸாக இருபது ஆண்டுகள் நம்மைச் சிரிக்க வைத்த தினேஷ் பட்னிஸ் காலமானார். அடுத்த டிசம்பரில் 'சிஐடி' திரும்ப வந்தபோது என் கண் முதலில் தேடியது அவரைத்தான்.

2025 ஏப்ரலில் பிரத்யுமனைக் கொன்றார்கள். பார்போசா என்ற வில்லன் வைத்த குண்டு. தொலைக்காட்சி நிறுவனமே, 1998 முதல் 2025 வரை என்று ஆண்டு குறித்து, நம் தெருமுனைக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிபோல ஒரு படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டது. நடிகரே போய்விட்டாரோ என்று என்னைப்போலப் பலர் பதறியிருப்பார்கள். பார்த் சம்தான் புதிய ஏசிபியாக வந்தார். ரசிகர்கள் கொதித்தார்கள். சில வாரங்களில் பிரத்யுமன் உயிரோடு திரும்பிவிட்டார்.

இப்படிக் கொன்று திருப்பிக் கொண்டுவருவது புதிதல்ல. ஆர்தர் கானன் டாயில் 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸை ரைசன்பாக் அருவியில் தள்ளினார். ஹோம்ஸ் சாகவில்லை என்று சொல்லும் கதைக்கு வாசகர்கள் 1903 வரை காத்திருந்தார்கள். அந்தப் பத்து ஆண்டுகளும் ஹோம்ஸ் அவர்களுக்கு உண்மையாகவே இறந்துபோயிருந்தார். அதனால்தான் திரும்பி வந்தது பெரிய வரவாயிற்று. இப்போதோ துக்கம் ஆறும் முன்பே ஆள் வந்துவிடுகிறார். தொடரின் நாயகனைக் கொல்லக் கூடாது என்பதல்ல என் வாதம். இருபத்தேழு ஆண்டுகள் பிறர் சாவை விசாரித்தவரின் சாவு, சரியாக எழுதியிருந்தால், அந்தத் தொடரின் ஆகச் சிறந்த கதையாகியிருக்கும். அபிஜீத்தும் தயாவும் அவர் நாற்காலிக்கு எதிரே நின்று விசாரணையைத் தொடங்கும் காட்சியை நான் மனதுக்குள் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன்.

அவர் திரும்பிய காட்சியை மகள் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தாள், அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி. நான் அதைத் திறக்காமல் வைத்திருந்து, இரவு முழுக் கதையையும் தொடக்கத்திலிருந்து பார்த்தேன். அவர் முகத்தைக் கண்டதும் மனசு நிறைந்துதான் போயிற்று. ஆனாலும் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இனி ஒருநாள் அவரைக் கொல்வதாக இருந்தால், நாங்கள் அழுது முடிக்கிறவரை அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.