துணைப்படப் பிரிவினையில் பெரம்பலூர் மரபு: ஒரு முன்னோட்ட ஆய்வு

பைதானில் மேட்பிளாட்லிப் கொண்டு இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொன்னால், அது கேள்வி கேட்காமல் சம அகலம் கொடுத்துவிடும். ஒன்று பெரிதாக வேண்டுமானால் 'விட்த் ரேஷியோஸ்' என்று விகிதம் எழுதித் தர வேண்டும். ஜான் ஹன்டர் இந்த லைப்ரரியை வெளியிட்டது 2003-இல். அதற்கு எட்டாண்டு முன்பே, 1995-இல், திருச்சிராப்பள்ளி மாவட்டம் மூன்றாகிக் கரூரும் பெரம்பலூரும் பிறந்துவிட்டன. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று நிறுவும் துறைக்கு இது என் எளிய காணிக்கை.

1. வரையறை. பிறர் செய்துவிட்டார்கள்.

2. காலவரிசை. 2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-இல் திரும்பச் சேர்ந்தது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடி பிரிந்தது. ஒரு வரியை ஓட்டிப் பார்த்து, அழித்து, பிறகு அதே வரியை எழுதி ஓட்டும் பழக்கம் நிரலாளர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது இதனால் பெறப்படும்.

3. அகலச் சிக்கல். இதில் மூன்று மரபினர் உளர். சமத்துவ மரபினர் 1:1 என்பர். விகிதம் எழுதச் சோம்பல். நிலவளவை மரபினர், பெரம்பலூர் சுமார் 1,750 சதுர கிலோமீட்டர், அரியலூர் சுமார் 1,950, ஆகவே 9:10 என்பர் (வாய்மொழி, டீக்கடை பெஞ்சு, இடது ஓரம்). தலையெண்ணி மரபினர் 2011 கணக்கெடுப்பைக் காட்டி, 5,65,223-க்கு 7,54,894, எனவே 3:4 என்று அடித்துச் சொல்வர் (அதே பெஞ்சு, வலது ஓரம், மாலைப் பதிப்பு, வடை தீர்ந்தபின் கிடைத்த பாடபேதம், எண்ணெய்க் கறையால் மூன்றாம் வரி சிதைவு, சிதைந்த வரிக்கு மட்டும் நாற்பது பக்க உரை உண்டு). மேட்பிளாட்லிப் தானாகத் தரும் தாளின் அகலம் 6.4 அங்குலம். விளிம்பு, இடைவெளி கழிக்காமல் பார்த்தால் பின்னிரு கொள்கைகளுக்கும் இடையே பெரம்பலூருக்கு நேரும் லாப நட்டம் ஏழு மில்லிமீட்டர். இந்த ஏழு மில்லிமீட்டருக்காகத்தான் ஒரு மரபினர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொரு மரபினர் போவதில்லை. ஒருவர் கட்டுரையை மற்றவர் மேற்கோள் காட்டாததும் இதனாலேயே. படிக்காததற்குக் காரணம் வேறு. அது எல்லாத் துறைக்கும் பொது.

4. எக்ஸ் அச்சைப் பகிர்தல். இயலாது. அரியலூருக்கு ரயில் உண்டு, பெரம்பலூருக்கு நெடுஞ்சாலைதான்.

5. கட்டம் மீறல். குன்னம் சட்டமன்றத் தொகுதி இருப்பது பெரம்பலூர் மாவட்டத்தில். மக்களவைக்கோ அரியலூரோடு சேர்ந்து சிதம்பரத்துக்கு ஓட்டுப் போடுகிறது. 'டைட் லேஅவுட்' முட்டிக்கொள்ளும் எழுத்துகளை விலக்கி வைக்கும். தொகுதி மறுசீரமைப்பில் அதற்கு அதிகாரமில்லை.

6. எண்ணிடல். துணைப்படங்களை வரிசையாக வாங்கினால் முதற்படத்தின் எண் பூஜ்யம். தாய் மாவட்டத்துக்குப் பூஜ்யமா என்று கொதிப்பவர்கள் 'ஆட் சப்பிளாட்' பயன்படுத்தலாம். அங்கே ஒன்றிலிருந்து எண்ணுவார்கள்.

ஆய்வேட்டைப் பரிசீலித்த பேராசிரியர் ஒரே குறிப்பு எழுதினார்: படம் சிறிதாக உள்ளது. 'ஃபிக்சைஸ்' அகலத்தை 12 அங்குலமாக்கினேன். விகிதம் அப்படியே இருந்தது. ஏழு மில்லிமீட்டர் தகராறு கிட்டத்தட்டப் பதினான்காகிவிட்டது. அடுத்த கட்ட ஆய்வுக்கு இருமடங்கு நிதி கோரி விண்ணப்பித்துள்ளேன்.