பெட்டியைப் பிரிக்கும் அண்ணாச்சி

ராஜபாளையம் வட்டாரத்தில் தெருவுக்கு ஒருவராவது இவர் இருப்பார். செட்டியார்பட்டியில் தெருவுக்கு இருவர் என்று சொன்னாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மில்லிலோ தறியிலோ பல வருஷம் நின்ற கால்கள், சட்டைப் பையில் டெஸ்டர். வீட்டுக் கூடத்தில், சாமி படத்துக்கு அடுத்த மரியாதையில், தொண்ணூறுகளில் ரேடியோ கடையில் சொல்லிச் செய்த அசெம்பிள் ஆம்ப் செட்டும், ஆசாரி பிளைவுட்டில் அடித்துக் கொடுத்த இரண்டு பெட்டிகளும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிக் கொடுத்த கையோடு அவர் அந்தப் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால், அன்றைக்கு அந்தக் கூடத்தை யாரும் பெருக்க முடியாது. “என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் பொட்டியப் பிரிச்சாச்சா?” என்று வாசலில் போகிறவர் கேட்பார். “எடது பக்கம் லேசாக் கரகரங்குதுல்லா” என்பார் இவர். ஊரில் இவரைக் கஞ்சன் என்பார்கள், வேலையத்தவர் என்பார்கள். இரண்டும் அபாண்டம். அண்ணாச்சி ஒரு துப்பறிவாளர். என்ன, செத்தது யார் என்பதை அட்சரம் பிசகாமல் கண்டுபிடித்துவிடுவார்; கொன்றது யார் என்ற விசாரணைக்கு மட்டும் ஒருநாளும் போகமாட்டார். அவருடைய ட்வீட்டர்கள் (மேல்ஸ்தாயிக்கான குட்டி ஸ்பீக்கர்கள்) வருஷா வருஷம் சாவதற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி.

முதலில் அவருக்குச் சேரவேண்டிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். கரகரப்பு கேட்டதும் அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதில்லை. ஆம்ப்பின் பின்னால் போய் இடப்பக்க வயரை வலத்திலும், வலத்தை இடத்திலும் மாற்றிச் செருகுகிறார். கரகரப்பு அதே பெட்டியில் நின்றால் குற்றம் பெட்டியிலோ அதற்கு வருகிற வயரிலோ இருக்கிறது. அடுத்த பெட்டிக்குத் தாவினால் ஆம்ப்பிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில்கூட இதைவிடச் சுத்தமாக ஒரு சோதனை நடத்த முடியாது. பிறகுதான் நாலு திருகுகளையும் கழற்றி பேஸுக்கான பெரிய ஸ்பீக்கரான ஊஃபரை வெளியே எடுத்து மடியில் கிடத்துவார். இரண்டு கட்டைவிரலையும் கூம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, சமமாக, மெல்ல அமுக்குவார். உள்ளே ‘சர்ர்’ என்று உரசினால் கம்பிச்சுருளான காயில் கோணிவிட்டது. ஓரத்து ஸ்பாஞ்சு வளையம் விரல்பட்டதும் கறுப்பு மாவாக உதிர்ந்தால் அதன் ஆயுசு முடிந்தது. அந்த ஸ்பாஞ்சு பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தால், 8 ஓம் என்று எழுதியிருக்கிற ஊஃபர் ஆறு ஏழு காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துபோச்சு. கடைசியாகச் சுவர்க்கடிகாரத்திலிருந்து 1.5 வோல்ட் பேட்டரியை உருவித் தொட்டுப் பார்ப்பார். ‘டொப்’ என்று கூம்பு முன்னால் வந்தால் பிளஸ் எது, மைனஸ் எது என்பதும் தெரிந்துவிடும். (அன்றைக்குக் கடிகாரம் பத்தே காலில் நின்றிருப்பதற்கும், மதியச் சாப்பாடு தாமதமானதற்கும் அவர் பொறுப்பல்ல.) அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-இல் வெளியிட்ட அமைப்புதான் இன்றைக்கும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது: காந்தம், காயில், கூம்பு. நூறு வருஷமாக மாறாத ஒரு பொருளைச் செட்டியார்பட்டியில் உட்கார்ந்து ஒருவர் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்கிறார் என்றால், அதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் ராஜபாளையத்தில் கடைப்படி ஏறியதும் ஆவியாகிவிடுகிறது. “தம்பி, எட்டு இஞ்சுல நல்லதா ஒண்ணு குடு.” “எத்தன வாட் அண்ணாச்சி?” “கூடவே இருக்கட்டும்.” விசாரணை முடிந்தது. பழைய ஊஃபரின் முதுகில் ஒட்டிய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்குகிறவரும் பார்ப்பதில்லை, விற்கிறவரும் கேட்பதில்லை. வாட் என்பது சத்தத்தின் அளவு என்று நாடே நம்பிக்கொண்டிருக்கிறது. இரண்டாயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து நம்மிடம் விற்ற காலத்து மயக்கம் அது. உண்மையில் ஸ்பீக்கரின் மேல் எழுதிய வாட், அது எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கான கணக்கு. வீட்டு ஸ்பீக்கருக்குப் போகிற மின்சாரத்தில் பெரும்பாலும் நூறில் ஒரு பங்குகூட ஒலியாவதில்லை. மிச்சமெல்லாம் சூடு. சித்திரை வெயிலில் ராஜபாளையத்துக்காரருக்கு இன்னும் கொஞ்சம் சூடு எதற்கு என்று யோசித்திருந்தால் அண்ணாச்சி வேறு எண்ணைக் கேட்டிருப்பார். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் வருகிறது என்பதுதான் அந்த எண். பழையது 90, புதியது 84 என்று வைத்துக்கொண்டால், அதே சத்தத்துக்குப் புதியது நாலு மடங்கு வாட் கேட்கும். வாட் கூடின ஊஃபரை மாட்டிவிட்டு, “முந்தி மாதிரி கணீர்னு இல்லையே” என்று வால்யூமைத் திருகுகிறாரே, அந்தத் திருகலில் அடுத்த சாவு ஆரம்பமாகிவிட்டது.

ஓம் விஷயம் இன்னும் மோசம். 8 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் போட்டால் ஆம்ப் இரட்டிப்புக் கரன்ட் தள்ள வேண்டிவரும். ட்வீட்டரிலும் அதே கதைதான். அதற்கு முன்னால் காவலுக்கு நிற்கிற சின்னக் கபாசிட்டர், 4.7 மைக்ரோ ஃபாரட் என்று வையுங்கள், 8 ஓம் ட்வீட்டருக்குச் சுமார் 4,200 ஹெர்ட்ஸில் கதவைத் திறக்கும். 4 ஓம் மாட்டினால் 8,500 வரைக்கும் திறக்காது. நடுவில் இருக்கிற ஜால்ராவும் ‘ச’ ‘ஷ’ எழுத்துகளும் மங்கிப்போகும். ஒரு பெட்டியில் மட்டும் வயரைத் திருப்பி மாட்டிவிட்டால் ஒரு கூம்பு முன்னால் போகும்போது மற்றது பின்னால் போகும். பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். எந்தப் பெட்டிக்கு எந்த ஊஃபர் ஒத்துவரும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்று ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மாலும் எழுதி வைத்துவிட்டார்கள். அண்ணாச்சியின் கணக்கு: துளைக்குள் உட்கார்ந்தால் சரி. உட்காராவிட்டால் அரம்.

இப்போது கொலைகாரனிடம் வருவோம். இந்தப் பக்கத்து ஜீவனம் இரைச்சலில் நடக்கிறது. ராஜபாளையத்தில் நூற்பாலைகள், சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்கிற தறிகள், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற மெஷின்கள். தறிக்கூடத்தின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அந்தச் சத்தத்தில் வருஷக்கணக்காக நின்ற காது முதலில் இழப்பது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரைக்குமான பகுதியை. மேலே சொன்ன கபாசிட்டர் ட்வீட்டருக்குக் கதவைத் திறக்கிற இடமும் அதுவேதான். ஆக, ட்வீட்டர் தொடங்குகிற இடத்தில் அண்ணாச்சியின் காது முடிந்துபோகிறது. ஆனால் குறை காதில் இருக்கும் என்று எந்த ஆண்பிள்ளை ஒப்புக்கொண்டான்? ட்ரெபிளை முழுசாகத் திருகுகிறார். அதுவும் போதாமல் வால்யூமையும் திருகுகிறார். இருபது வாட் ஆம்ப் முட்டிக்கொண்டதும் ஒலியலையின் உச்சி சீவிய இளநீர் போல வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட அலையில் மேல்ஸ்தாயிச் சக்தி கூடிவிடும், அது நேராகப் போய் விழுவது தலைமயிர் கனக் கம்பியில் காயில் சுற்றிய அந்த ட்வீட்டரின் தலையில்தான். நூறு வாட் என்று எழுதிய பெட்டியை இருபது வாட் ஆம்ப் கொல்கிற ரகசியம் இவ்வளவுதான். மறுபடி ஞாயிற்றுக்கிழமை, மறுபடி நாலு திருகு, மறுபடி “தம்பி, போன தடவ குடுத்தது டூப்ளிகேட்டு.” கடைக்காரத் தம்பியும் மறுக்கமாட்டான். வருஷத்துக்கு ஒரு ட்வீட்டர் வாங்குகிற வாடிக்கையாளரை யார் திருத்துவார்கள்?

“இவ்வளவு பாடு எதுக்கு? இந்தக் காசுக்கு ஒரு புளூடூத் பெட்டி வாங்கி வைக்கச் சொல்லுங்க” என்று அவருடைய மகன் சொல்வது நியாயம்போலத் தெரியும். நியாயமில்லை. ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே சத்தம் வேண்டுமானால் கூம்பு நாலு மடங்கு தூரம் ஓட வேண்டும். உள்ளங்கைப் பெட்டியின் குட்டிக் கூம்புக்கு அதற்கு இடம் கிடையாது. இளையராஜாவின் பேஸ் கிடார் அதற்குள் நுழையும்போதே பாதி உடம்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் நுழைகிறது. தவிர, அது செத்தால் பிரிக்கப் பெரும்பாலும் திருகே இராது, ஒட்டிவைத்திருப்பார்கள். அண்ணாச்சியின் ஊஃபரிலோ கூம்பும் காயிலும் ஸ்பாஞ்சு வளையமும் தனித்தனியாக மாற்றத்தக்கவை. கேட்காத காதுக்கு நல்ல ட்வீட்டர் வீண்தானே என்று இன்னொரு கட்சி உண்டு. வீட்டில் பேத்தி இருக்கிறாள், அவள் காது முழுசாக இருக்கிறது. அவள் ஏன் சாயங்காலமானால் மாடிக்கு ஓடுகிறாள் என்று யாராவது விசாரித்தால் ட்ரெபிள் குமிழ் சாட்சி சொல்லும். பாகம் மாற்றுவதே தப்பு என்கிற கட்சியில் நான் இல்லை. மாற்றுகிறவர் பழையதன் முதுகில் உள்ள ஓமையும், கிடைத்தால் டெசிபலையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போகட்டும். இரண்டு பெட்டிக்கும் ஜோடியாக ஒரே ரகம் வாங்கட்டும். ஒன்று புதுசும் ஒன்று பழசுமாக இருந்தால் பாடுகிறவர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கிப்போவார்.

அண்ணாச்சி இதையெல்லாம் கேட்கமாட்டார். ஆகவே விண்ணப்பம் வீட்டு அம்மாக்களுக்கு. அடுத்த முறை புது ட்வீட்டர் மாட்டியதும், அவர் கை கழுவப் போகிற நேரம் பார்த்து ஆம்ப்பிடம் போங்கள். ட்ரெபிள் குமிழை நேர் நடுவுக்குத் திருப்புங்கள். வால்யூம் குமிழ், சத்தம் பிசிறத் தொடங்குகிற இடத்தைத் தொடக்கூடாது; அதற்குச் சற்று முன்னால் ஒரு ஸ்டிக்கர் பொட்டை அழுத்தி ஒட்டிவிடுங்கள். யார் ஒட்டியது என்று கேட்டால் கடைக்காரத் தம்பி ஒட்டி அனுப்பினான் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லிக் கேட்காதவர், அவன் சொன்னால் கேட்பார்.