பெயரில் பருத்தி, விளைந்தது நெல்

? ஆர்தர் காட்டன் ராணுவ இன்ஜினீயராமே, அவர் பிடித்த கோட்டை எது சார்?
(திருச்சி வாசகர்)

பர்மா யுத்தத்துக்குப் போனவர்தான். ஆனால் பெயர் நிலைத்தது தண்ணீரைப் பிடித்ததால்! 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டினார். 2018 வெள்ளத்தில் அதன் 9 மதகுகள் இடிந்தபோது அதற்கு வயது 182. உங்கள் தெருவில் போன வருடம் போட்ட ரோடு சௌக்கியமா?

? கல்லணையைக் கட்டியது கரிகாலனா, காட்டனா? வீட்டில் சண்டை!
(தஞ்சாவூர் வாசகி)

கரிகாலன் வாத்தியார், காட்டன் மாணவர். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைப் பழைய கல்லணையிடம்தான் கற்றதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கற்றதைக் கோதாவரியில், தவளேஸ்வரத்தில் காட்டினார்: 1847-ல் ஆரம்பம், 1852-ல் முடிவு. பஞ்சத்தில் அடிபட்ட டெல்டா நெற்களஞ்சியமானது. பாடம் சோழ நாட்டில், குருதட்சணை ஆந்திராவுக்கு!

? இவ்வளவு செய்தவரை மேலிடம் தலையில் தூக்கி வைத்திருக்குமே?
(மதுரை வாசகர்)

1861-ல் 'சர்' கொடுத்தது. ரயிலைவிடக் கால்வாயில் படகு விடுவது மலிவு என்று அவர் வாதாடியபோது காது கொடுக்கவில்லை. 1878-ல் பார்லிமென்ட் கமிட்டி முன் உட்காரவைத்துக் குடைந்தார்கள். மனிதர் அசரவில்லை, 96 வயதுவரை இருந்தார்.

ராஜமுந்திரிப் பக்கம் போனால் தவளேஸ்வரத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். அவர் பெயரில் அருங்காட்சியகமே இருக்கிறது. ரயிலில் போவதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.