பழைய மெட்டு, புதுக் குரல்

கேள்வி: பழைய பாட்டை அதே கலைஞர் மறுபடி பதிவு செய்தால் ரசிகர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? (வாசகர், திருவண்ணாமலை)

பதில்: உங்கள் ஊர் ரமணருக்கு ‘ரமண மாலை’ சூட்டிய இளையராஜாவையே எடுத்துக்கொள்வோம். 1986-ல் ‘மௌன ராகம்’ படத்தில் எஸ்.பி.பி. பாடிய ‘மன்றம் வந்த’ மெட்டு, 2007-ல் ‘சீனி கம்’ படத்தில் ஸ்ரேயா கோஷல் குரலில் இந்தி பேசியது. இனிமைதான். ஆனால், எஸ்.பி.பி. மூச்சு வாங்கும் இடத்தைக்கூட மனப்பாடம் செய்த காது, வேறு குரலுக்கு அவ்வளவு லேசில் இடம் கொடுக்குமா?

கோபிக்கும் முன் காரணத்தையும் பார்க்க வேண்டும். டிஜிட்டல் விற்பனைப் பங்கில் இசைத்தட்டு நிறுவனத்தோடு தகராறு வந்ததால்தான், ‘டெஃப் லெப்பர்ட்’ ராக் குழு 2012-ல் தன் பழைய பாட்டுகளை அச்சு அசலாக மறுபதிவு செய்தது. டெய்லர் ஸ்விஃப்ட்டின் மூலப்பதிவுகள் கைமாறியபோது, 2021 முதல் அவரும் திரும்பப் பாடினார். ரசிகர்கள் புதியதைத்தான் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். உழைத்தவர் கைக்கு உரிமை வருகிறதென்றால், கிரிவலப் பாதை டீக்கடையில் புதுப் பதிவு ஒலிக்கும்போது இன்னொரு டீ சொல்லிவிட்டு முழுசாகக் கேளுங்கள்!