ராம் போடுவதா, புதுசே வாங்குவதா: கள்ளக்குறிச்சி வட்டார வழக்காறுகள் பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

ஒரு வீட்டுக் கணினியை ஆன் செய்துவிட்டு, காபி போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்குமானால் அக்கணினி ‘கிழடு’ எனப்படும். தயாரிப்பு நிறுவனங்கள் இந்த வரையறையை ஏற்பதில்லை. அவை உற்பத்தி ஆண்டைப் பார்த்து வயது சொல்கின்றன. வீடுகளில் செல்லுபடியாவது காபிக் கணக்குதான்.

அத்தகைய கிழட்டுக் கணினிக்கு ராம், எஸ்எஸ்டி முதலிய உறுப்புகளைப் புதிதாகப் போட்டு ஓட்டுவதா, தள்ளிவிட்டு வேறு வாங்குவதா என்ற சிக்கல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் எழுவதில்லை. பிளஸ் டூ முடிவு வந்து, பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடும் பருவத்தில் எழுகிறது. 2018 முதல் அந்தக் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. அதுவரை பீரோ மேல் கிடந்த லேப்டாப்பை இறக்கித் தூசி தட்டும்போதுதான் அதற்கு வயதாகிவிட்டது என்று வீட்டாருக்குத் தெரிகிறது.

ஆய்வின் எல்லை கிழக்கே உளுந்தூர்ப்பேட்டை, மேற்கே கல்வராயன்மலை. மலையின் சேலம் பக்கத்துக் கருமந்துறை, மாவட்ட எல்லை கருதி விடப்பட்டது. அங்குள்ள கணினிகளும் இப்படித்தான் சுற்றும் என்று கொள்க.

இந்த மாவட்டத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பழைய அமைப்பைப் பழுது பார்ப்பதா, புதிது போடுவதா என்ற கேள்வியை அரசே இங்கு சந்தித்து விடையும் கண்டிருக்கிறது. தென்னார்க்காடு என்ற பெரிய பெட்டி பாரம் தாங்காமல் 1993இல் இரண்டாகி, விழுப்புரம் பிறந்தது. விழுப்புரமும் ஹேங் ஆகவே, 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. ஆனால் இன்றும் பல வீட்டு ஆதார் அட்டைகளில் ‘விழுப்புரம் மாவட்டம்’ என்றுதான் இருக்கிறது. புதிது வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரின் கொள்கைக்கு இதுவே முதல் எதிர்ச்சான்று.

காலக் கணிப்பு

அகழாய்வில் மண்ணடுக்கைக் கொண்டு காலம் சொல்வது போல, இங்கே பீரோ மேலுள்ள அடுக்கைக் கொண்டு சொல்லலாம். அடியில் கிடப்பது மஞ்சள் ஏறிய கேபினட்டும் மூட்டை கனத்த மானிட்டரும். அதற்கு மேல், இவ்வட்டாரத்தின் மிகச் செழிப்பான அடுக்கு: 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் லேப்டாப்புகள். பை கிடைத்தால் காலத்தைப் பிசகின்றிச் சொல்லிவிடலாம்; பையில் முதலமைச்சர் படம் இருக்கும். மேலடுக்கு 2020இன் ஆன்லைன் வகுப்புக் காலத்தில் கடன் வாங்கியாவது வாங்கியவை.

நடு அடுக்கே நம் ஆய்வின் உயிர். இந்த லேப்டாப் பிளஸ் டூ படித்த அண்ணனுக்கு வந்தது. அவன் வேலைக்குப் போனதும் தங்கைக்கு இறங்கியது. அவளுக்குக் கல்லூரியில் வேறு கிடைத்ததும் அப்பாவுக்கு இறங்கி, பட்டா சிட்டா எடுக்கப் பயன்பட்டது. இப்போது பேரப்பிள்ளை ‘சோட்டா பீம்’ பார்க்கிறது. சொத்து மேலிருந்து கீழே இறங்கும் என்பது பொது விதி; இடையில் ஒருமுறை மேலேறித் தகப்பனிடம் தங்கிப் போகும் ஒரே சொத்து இதுதான்.

முதல் சுற்றில் வந்த பல லேப்டாப்புகளில் 2 ஜிபி ராமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று அதே கதி. விண்டோஸ் 11க்குள் நுழைய டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையாவது ஆகியிருக்க வேண்டும். ஏழு தலைமுறைக்கு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நம் ஊரில் சொல்வார்கள். இந்தப் பந்தியில் ஏழாம் தலைமுறைக்கு, மிகச் சிலரைத் தவிர, இலையே போடுவதில்லை.

கிழத்தன்மைக்குக் காரணம்

இங்கே ஒரு பொதுநம்பிக்கையை மறுக்க வேண்டியிருக்கிறது. கணினி மாடு அன்று. வயதானதால் நடை தளராது. தூசி அடைத்த ஃபேனையும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டையும் ஒதுக்கிவிட்டால், 2012இல் ஒரு நொடியில் எத்தனை கணக்குப் போட்டதோ அத்தனை கணக்கை அது இன்றும் போடும். வளர்ந்தவை வெளியே இருக்கின்றன. அன்று ஒரு விண்ணப்பப் பக்கம் எழுத்தும் இரண்டு பெட்டியுமாக இருந்தது. இன்று அதே பக்கம் வீடியோ, விளம்பரம், யார் எங்கே அழுத்தினார்கள் என்று வேவு பார்க்கும் நிரல் எல்லாவற்றையும் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறது. 2 ஜிபி ராமில் இவ்வளவும் கொள்ளாது. கொள்ளாததை ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி இறக்கி ஏற்றும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. அதன் முள் ஒவ்வொரு துண்டையும் தேடி அங்குமிங்கும் ஓட வேண்டும். திரையில் சுற்றும் வட்டம் அந்த ஓட்டத்தின் நிழல்தான்.

மெக்கானிக் மரபில் வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. முதலாவது, ராமின் தங்கப் பல்லில் அழுக்கு. இதற்குப் பரிகாரம் ராமைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மீண்டும் மாட்டுவது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் பலமுறை வேலை செய்யும், ஏனென்றால் தொடுமுனையில் படிந்த அழுக்கு உண்மையிலேயே மின்னிணைப்பைக் கெடுக்கும். இரண்டாவது, பல்லி. கேபினட்டின் கதகதப்பு பல்லிக்குப் பிடிக்கும். கௌளி சாஸ்திரம் கிழமைக்கும் திசைக்கும் தனித்தனியே பலன் சொல்கிறது. எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டிக்கு உள்ளிருந்து சொன்னால் என்ன பலன் என்று அதில் இல்லை. மெக்கானிக் மரபில் உண்டு: போர்டு போகும்.

(மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் டேபிள் மட்டும் ஏன் பிளைவுட்டாக இருக்கிறது என்பது தனி ஆய்வுக்கு உரியது.)

மூன்று கட்சிகள்

சிக்கலுக்குத் தீர்வு சொல்வோர் மூவகையினர்.

முதற்கட்சியார் ‘எஸ்எஸ்டி போட்டா பறக்கும்’ என்பர். இவர்கள் சொல்வதில் உண்மை அதிகம். முள்ளும் தட்டும் இல்லாத எஸ்எஸ்டியில் தேடி ஓடும் வேலையே இல்லை. பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் இருந்த அதே சாட்டா இடத்தில் அது உட்காரும். காபி குடித்து முடிப்பதற்குள் திரை வந்துவிடும். ராமில்தான் இவர்கள் இடறுகிறார்கள். டிடிஆர்3 என்ற பழைய வகை ராமின் இடத்தில் டிடிஆர்4 என்ற அடுத்த வகை நுழையாது. வெட்டு வேறு இடத்தில் இருக்கும். 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் பயனில்லை. சில மெல்லிய மாடல்களில் ராம் போர்டோடு ஒட்டியே வரும். போதாததற்கு, 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாரிக்கொண்டதே காரணம். மைக்ரான் நிறுவனம் ‘குரூசியல்’ என்ற தன் சில்லறை வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. உலகத்துக்கே பதில் சொல்லும் ஒரு பொறி எங்கோ உட்கார்ந்து தின்ன, சின்னசேலத்தில் ஒருவர் 4 ஜிபி ராம் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறார்.

இரண்டாம் கட்சியார் ‘இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்’ என்பர். கடைக்காரர்களும், வெளியூரில் வேலை பார்க்கும் மகன்களும், மாதத் தவணை என்ற சொல்லைக் கண்டவர்களும் இக்கட்சி. போர்டு போய்விட்டால் இவர்கள் சொல்வதே சரி. பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினாலும் சரி. மற்ற நேரங்களில் இவர்கள் பேச்சை இவர்களுடைய பணத்தில் கேட்கலாம்.

மூன்றாம் கட்சியின் கொள்கை ஒரே சொல்: ‘இருக்கட்டும்’. இதன் தலைவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். ‘கரும்புப் பணம் வரட்டும், பாத்துக்கலாம்’ என்பது இதன் கிளைக் கொள்கை. வெட்டிய கரும்புக்கு 14 நாளில் ஆலை பணம் தர வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அந்த 14 நாளின் நீளத்தைப் பொறுத்தே மாவட்டத்தில் பல லேப்டாப்புகளின் ஆயுள் அமைகிறது. இக்கட்டுரையாளர் இந்த மூன்றாம் கட்சி. கணினி தானாக மெதுவாகவில்லை என்று மேலே நிறுவினோம். தவறு செய்யாததைத் தண்டிப்பானேன்? ஆண்டுக்கு நான்கு சான்றிதழும் ஒரு விண்ணப்பமும் எடுக்கும் வீட்டுக்கு எஸ்எஸ்டி ஒன்று போதும், அதுவும் அவசரமில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ஆதரவு நின்ற விண்டோஸில் பேங்க் வேலை பார்க்கக் கூடாது.

அந்த நிபந்தனைக்கும் மருந்து இருந்தது. இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. கிழட்டுப் பொறியில் காலணாச் செலவின்றி இலேசாக ஓடும் வழி லினக்ஸ்தான் என்று இன்று நிபுணர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்கிறார்கள். அந்த வழி பெட்டிக்குள்ளேயே வந்து, முதல் ஃபார்மட்டிலேயே போய்ச் சேர்ந்தது. போகும்போது யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

பாலாலயம்

எக்கட்சியாராயினும் கைவைப்பதற்கு முன் செய்ய வேண்டிய சடங்கு ஒன்று உண்டு. அதைத் திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கோயில்களில் கற்கலாம். குடமுழுக்குக்காகத் திருப்பணி தொடங்குமுன் கருவறையின் ஆற்றலை வேறிடத்தில் எழுந்தருளச் செய்து, வேலை முடியும்வரை பூசையை அங்கே நடத்துவார்கள். இதற்குப் பாலாலயம் என்று பெயர். வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டோக்களை எடுத்து வைப்பது இதுவே.

கற்றளிகள் எழுந்த காலத்தில் இன்னும் நுட்பமாகச் செய்திருக்கிறார்கள். 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவல் கோயிலைக் கல்லில் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச் சுவரில் மீண்டும் வெட்டச் செய்து, இது பழைய கல்லின் படி என்று குறிப்பும் சேர்த்தார். இரண்டாம் கட்சியில் உருப்படியான ஒரே ஆள் அந்த அரசிதான். கட்டடத்தை மாற்றினார், ஒரு கோப்பும் தொலையவில்லை.

நம் காலத்தில் உரையாடல் இப்படி நடக்கிறது.

“தம்பி, ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா. ஃபார்மட் அடிச்சுக் குடுத்துடு.”

“உள்ள டேட்டா ஏதாவது இருக்குதா ஐயா?”

“ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் பழசுதான்.”

பழசைத்தான் டேட்டா என்பார்கள் என்று அன்றிரவு வீட்டில் தெரியவரும். மூத்தவளின் வளைகாப்புப் போட்டோ எந்த ஃபோல்டரில் என்று கேள்வி வரும்போது.

மலைப்பகுதிக்குப் புறனடை

மேற்கூறிய விதிகள் கல்வராயன்மலையில் தலைகீழாகும். வெள்ளிமலையிலிருந்து லேப்டாப்பைப் பழுதுக்குக் கீழே கொண்டுவருவது என்றால் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகும். ‘நாளைக்கு வாங்க’ என்று கடைக்காரர் சொன்னால் இரண்டும் இரட்டிக்கும். ஆகவே அங்கே பழுதின் விலை பில்லில் இருப்பதைவிட எப்போதும் அதிகம். கரண்ட் நிலையாக இல்லாத வீட்டில் பேட்டரி செத்த லேப்டாப் வெறும் பலகை; முதலில் மாற்ற வேண்டியது பேட்டரி. அடுத்தது எஸ்எஸ்டி, வேகத்துக்காக அன்று, கொண்டை ஊசி வளைவுகளுக்காக. ஷட்டவுன் செய்யாமல் மூடியை மட்டும் மூடிப் பைக்குள் வைத்துப் பஸ் ஏறுவது பொதுவழக்கு. சில லேப்டாப்புகள் அப்போது தூங்குவதில்லை. ஹார்ட் டிஸ்க் சுற்றிக்கொண்டே இருக்க, கச்சிராயபாளையம் வந்து சேர்வதற்குள் அதன் முள் தட்டில் எத்தனை முறை முட்டியதோ. சிக்னல் மெலிந்த ஊர்களில், எல்லாவற்றையும் இணையத்தில் வைக்கச் சொல்லும் புது மலிவு லேப்டாப்பைவிட, பாடமும் படமும் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் கிழட்டு லேப்டாப் மேல்.

ஆதரவு முடிந்த அமைப்பும் ஓடத்தான் செய்யும் என்பதற்கு மலையின் வரலாற்றிலேயே சான்றுண்டு. சென்னை மாகாணம் 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. கல்வராயன்மலையில் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சி 1976 வரை ஓடியது. ஓடியது என்பதால் நன்றாக ஓடியது என்று பொருளில்லை. கூலியில்லா வெட்டி வேலை செய்த மலையாளிப் பழங்குடி மக்களைக் கேட்டால் சொல்வார்கள். ‘இருக்கட்டும்’ கட்சியார் இவ்விடத்தில் சற்று அடக்கமாக இருப்பது நல்லது.

இறுதிக் கிரியைகள்

எந்தக் கட்சி வென்றாலும் ஒருநாள் லேப்டாப் தெருவுக்கு வரும். 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும். வழக்கத்தில் அது மூன்று சக்கர வண்டியில் வருபவரிடம் எடைக்குப் போகிறது. அதற்குமுன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் கழற்றிக்கொள்கிறார்கள். சார்ஜரை மட்டும் யாரும் கொடுப்பதில்லை. கேட்டால், எதுக்காவது ஆகும் என்கிறார்கள். இவ்வாய்வு தொட்ட வீடுகளில் அது இதுவரை எதற்கும் ஆகவில்லை. அதன் வயரில் பாவாடை நாடா கோத்ததாக ஒரு வாய்மொழிச் செய்தி உண்டு, உறுதிப்படவில்லை.