போர்டு அண்ணா

திருகோணமலையில் ஒருவர் என்ன தொழில் பார்க்கிறார் என்பதை முன்பு அவருடைய சைக்கிளே சொல்லிவிடும். காலையில் அது துறைமுகப் பக்கம் திரும்பினால் துறைமுகம். சீனன்குடாப் பக்கம் திரும்பினால் பிறீமா மா ஆலை, இல்லாவிட்டால் எண்ணெய்க் குதம். கச்சேரிப் பக்கம் திரும்பினால் அரசாங்க உத்தியோகம். யோசிக்காமல் பெண் கொடுக்கலாம். போர்டு அண்ணா எந்தப் பக்கமும் திரும்புவதில்லை. பாலையூற்றில் தன் வீட்டு விறாந்தையில், மடிக்கணினிக்கு முன்னால், சாய்மனைக் கதிரையில் இருக்கிறார். “உங்கட மகனுக்கு என்ன வேலை?” என்று அயலவர்கள் கேட்டால் அம்மா தயங்காமல் சொல்லுவார்: “மற்றவங்கள் வேலை செய்றாங்களா எண்டு பாக்கிற வேலை.” முகாமைத்துவப் பாடநூல்கள் முந்நூறு பக்கத்தில் சொல்லுவதும் இதைத்தான்.

இந்த வகை மனிதர் பாலையூற்றுக்கு மட்டும் சொந்தமல்ல. 2020இல் கொரோனா கொழும்பு அலுவலகங்களைப் பூட்டியபோது மென்பொருள் கம்பனிகளின் பிள்ளைகள் மடிக்கணினியும் கையுமாக ஊர் வந்து சேர்ந்தார்கள். சிலர் திரும்பிப் போகவேயில்லை. அண்ணாவும் அப்படித் தங்கியவர்தான். அவருடைய குழுவில் ஏழு பேர். கொழும்பில் மூவர், கண்டியில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒரு பெடியன், மாத்தறையில் பிழை பிடித்துக் கொடுக்கிற ஒரு தங்கச்சி, விறாந்தையில் இவர். வேலை தருகிறவர் லண்டனில். இவர்களுடைய முகங்களை அண்ணா கண்டது குறைவு. அவர்களுடைய டிக்கெட்டுகளை மட்டும் விடிந்ததும் காண்பார், சாப்பிடும்போது காண்பார், படுக்கப் போகுமுன்னும் ஒருமுறை காண்பார்.

டிக்கெட் என்பது பஸ் டிக்கெட் அல்ல. செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை. ஜிரா என்ற மென்பொருளில் அந்த அட்டைகள் ஒரு பலகையில், அதாவது போர்டில், வரிசையாக நிற்கும். செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, பரிசோதனையில் இருப்பது, முடிந்தது என்று பலகைக்கு நாலு நிரல்கள். வேலை நகர நகர அட்டை இடமிருந்து வலமாக நகர வேண்டும். வேலை நகராமல் அட்டை மட்டும் நகர்ந்தாலும் அண்ணாவுக்கு அன்றைய நாள் நல்ல நாள். அட்டை நகராமல் வேலை முடிந்துவிட்டால், அது முடிந்ததாகவே அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

காலை ஒன்பது மணிக்கு நின்றபடி நடத்தும் கூட்டம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது இதன் விதி. கால் உளைந்தால் பேச்சு சுருங்கும் என்று நம்பித்தான் எழும்பி நிற்கச் சொன்னார்கள். அண்ணா இதைச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தபடி நடத்துகிறார். ஆகவே கூட்டம் பத்து மணியைத் தொடுகிறது. லண்டன்காரருடனான கூட்டம் பின்னேரம். சரியாகச் சூன் பாண் ஆட்டோ ஒழுங்கைக்குள் நுழையும் நேரம். பீத்தோவனின் மெட்டோடு மாலு பணிஸ் வீடு தேடி வருகிறது என்பதை ஒரு வெள்ளைக்காரருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? உங்கள் வீட்டில் யாரோ பியானோ பழகுகிறார்கள் போல என்று ஒருநாள் அவர் பாராட்டினார். அண்ணா நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டார்.

ஒரு வேலை எவ்வளவு பெரியது என்பதை மணித்தியாலத்தில் சொல்லக் கூடாது, புள்ளியில்தான் சொல்ல வேண்டும் என்பது இந்தத் தொழிலின் இன்னொரு வழக்கம். அதுவும் எல்லா எண்ணும் ஆகாது. ஃபிபொனாச்சி வரிசையில் 1, 2, 3, 5, 8, 13 என்று போக வேண்டும். பெரிய வேலையைத் துல்லியமாக மதிக்க முடியாது, எண்களுக்கு நடுவே இடைவெளி இருக்கட்டும் என்ற நல்ல யோசனையில் வந்த ஏற்பாடு அது. அண்ணாவின் தலைக்குள் அது போய் வேறு விதமாகக் குடியேறிவிட்டது. “சந்தைக்குப் போனா நாலு தேங்காய் வாங்கி வாங்க” என்று மனைவி சொன்னால், “மூண்டா, அஞ்சா? தெளிவாச் சொல்லும்” என்கிறார். அவருடைய உலகத்தில் நாலு என்று ஒரு எண் கிடையாது.

அவருக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்றுதான்: “தம்பி, எத்தனை பேர்சன்ட்?” யாழ்ப்பாணத்துப் பெடியன் திங்கட்கிழமை எண்பது என்பான். செவ்வாய் தொண்ணூறு. புதன் தொண்ணூறு. வியாழன் தொண்ணூறு. வெள்ளிக்கிழமை, அண்ணாவின் மனம் நோகக் கூடாது என்பதற்காகத் தொண்ணூற்றிரண்டு. பெல் ஆய்வகத்தில் இருந்த டாம் கார்கில் இந்த நோயை 1980களிலேயே கண்டுபிடித்துவிட்டார். முதல் தொண்ணூறு வீத மென்பொருள் நிரலை எழுதத் தொண்ணூறு வீத நேரம் போகும், மிச்சப் பத்து வீதத்துக்கு இன்னொரு தொண்ணூறு வீத நேரம் போகும் என்பது அவருடைய கணக்கு. அண்ணாவுக்கு இது தெரியும். போன வருடம் இதைப் பற்றி ஸ்லைடு போட்டு விரிவுரையே நடத்தினார். நடத்தி முடித்த கையோடு பெடியனிடம், “சரி, இப்ப எத்தனை பேர்சன்ட்?” என்றார்.

அவருடைய அபாயப் பட்டியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. மிஞ்சிய நேரத்தைக் குழுவினர் எப்படிப் பயன்படுத்துவது என்று ஆராய அண்ணா தினமும் இரண்டு மணித்தியாலக் கூட்டம் வைத்தார். அதன் பிறகு பட்டியலில் கரண்ட், பெற்றோல், வெள்ளம் எல்லாம் ஏறின. இனி எந்த ஓட்டையும் இல்லை என்று அவர் நிம்மதியாக இருந்தபோதுதான், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணைமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருளில் தள்ளியது. மின்சக்தி அமைச்சரே குரங்கைத்தான் காரணம் சொன்னார். மறுநாள் பட்டியலில் புதிய வரி: “குரங்கு. சாத்தியம் குறைவு, பாதிப்பு அதிகம்.” பொறுப்பாளர் என்ற கட்டத்தை வெறுமையாக விட அந்த மென்பொருள் சம்மதிக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெடியனின் பெயரைப் போட்டார். கோணேசர் கோவில் மலையில் நிற்கிற குரங்குகளைத் தினமும் கண்டு வளர்ந்தவர் தான்தான் என்பது அப்போது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பனிமலை விடுதி ஒன்றில் பதினேழு மென்பொருள்காரர்கள் கூடி, கனத்த திட்டக் கட்டுகளுக்குள் தொழில் மூச்சுத் திணறுகிறது என்று ஒரு பிரகடனம் எழுதினார்கள். வழிமுறைகளும் கருவிகளும் வேண்டியவைதான், ஆனால் அவற்றைவிட மனிதர்களும் அவர்கள் ஒருவரோடொருவர் பழகிக் கதைப்பதும் பெரிது என்பதே அதன் முதல் விழுமியம். அண்ணா அதைப் பிரதியெடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். ஒருவரோடு ஒருவர் கதைக்க வேண்டுமானாலும் டிக்கெட் திறக்க வேண்டும் என்பது அவருடைய குழுவின் விதி.

இப்படிப்பட்டவர் வீட்டில் மதில் கட்டத் தொடங்கினால் என்ன ஆகும்? லூர்து அன்னை ஆலயத் திருவிழாவுக்கு முன் மதில் எழும்ப வேண்டும் என்று காலக்கெடு வைத்தார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கர்கள் கப்பல் கட்டும் வேலைகளைக் கண்காணிக்கப் பயன்படுத்திய ஹென்றி கான்டின் பட்டை வரைபடத்தை, முப்பது அடி மதிலுக்கு வரைந்து படலையில் கொழுவினார். மேசன் அதன் கீழே தன் சேட்டைக் கொழுவினார். இரண்டாம் கிழமை வேலை பிந்துவது தெரிந்ததும் அண்ணா மேலும் இரண்டு மேசன்களைக் கூட்டி வந்தார். பிந்திய வேலைக்கு ஆள் கூட்டினால் அது இன்னும் பிந்தும் என்று ஐபிஎம்மில் இருந்த ஃப்ரெட் புரூக்ஸ் 1975இலேயே புத்தகம் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் புத்தகமும் அண்ணாவிடம் இருக்கிறது. பழைய மேசன் அன்று முழுக்கப் புதியவர்களுக்கு நூல் பிடித்துக் காட்டினார். ஒரு கல்லும் ஏறவில்லை.

பின்னேரம் அண்ணா வழக்கமான கேள்வியோடு வந்தார். “மேசன், எத்தனை பேர்சன்ட்?”

“பேர்சன்ட் எனக்குத் தெரியாது தம்பி. மணல் முடிஞ்சு ரெண்டு நாள். கிண்ணியாவில இருந்து ஒரு ட்ரக்டர் மணல் வந்தா, மற்ற நாள் முடிச்சிடுவன். நீங்க கேட்டா சொல்லலாம் எண்டு இருந்தன்.”

அண்ணா மறுபேச்சில்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தார். மணல் வந்தது. மதில் முடிந்தது. அவர் சுமந்து திரிந்த புத்தகங்கள் எல்லாவற்றையும் மேசன் மூன்றே விசயத்தில் சொல்லி முடித்திருந்தார்: எது தடுக்கிறது, எது வந்தால் நகரும், எப்போது முடியும்.

போர்டு அண்ணாவைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அவர் ஒரு கிழமை காய்ச்சலில் படுத்தபோது ஒரே பிழையை இரண்டு பேர் திருத்தினார்கள், இன்னொன்றை ஒருவருமே திருத்தவில்லை. லண்டன்காரருக்கு என்ன போகிறது, எப்போது போகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஐந்து ஊர்களில் சிதறி இருக்கிற ஏழு பேருக்கு ஒரு பலகை வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும்.

பிழை பலகையில் இல்லை. இந்த அட்டை முறைக்கு மூதாதை ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலை. தையீச்சி ஓனோ அங்கே அட்டைகளை மட்டும் கொண்டுவரவில்லை. பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்ற உரிமையையும் வழக்கமாக்கினார். நிறுத்தியவனைத் திட்டுவதல்ல, ஓடிவந்து உதவுவதுதான் மேலாளரின் வேலை. நம்மவர்கள் அட்டையை இறக்குமதி செய்தார்கள், அந்த உரிமையை ஜப்பானிலேயே விட்டுவிட்டார்கள். அண்ணாவின் பலகையில் ஒரு வேலை தடைப்பட்டது என்று சிவப்பு விழுந்தால் ஒரு மணித்தியால விசாரணை. ஆகவே எல்லாரும் பச்சையே போடப் பழகிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பெடியன் தொண்ணூறில் நின்ற அத்தனை நாளும், லண்டனில் இருந்து வர வேண்டிய ஒரு கடவுச்சொல்லுக்காகத்தான் காத்திருந்தான். ஒரு தொலைபேசி அழைப்பில் அண்ணா அதை வாங்கிக் கொடுத்திருப்பார். ஒருவரும் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை.

உங்கள் குழுவிலும் ஒரு போர்டு அண்ணா இருப்பார். சிலவேளை நீங்களேதான் அவர். நாளைக் காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் எத்தனை பேர்சன்ட் என்று கேட்க வாய் வரும்போது அதை விழுங்கிவிட்டு, “எங்க நிக்குது, நான் என்ன செய்ய வேணும்?” என்று கேட்டுப் பாருங்கள். பலகையில் சிவப்பு கூடும். பயப்படாதீர்கள், உங்கள் குழு உங்களிடம் உண்மை பேசத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.